செவ்வானன் படத்தில் வராத பக்கங்கள்

அறுபதைத் தாண்டிய கூட்டாளிகளே, முட்டிவலித் தைலத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். செவ்வானன் படமாக வந்துவிட்டான். கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தோமே, முகமூடியும் முதுகில் சிவப்புச் சால்வையுமாகப் பறப்பானே, அவனேதான். ஆள் வைத்து நடிக்கவைக்கவில்லை, எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்த அனிமேஷன். ஆரணியிலேயே போட்டிருக்கிறார்கள் என்று மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். "பொம்மைப் படம்மா, உனக்குத் தூக்கம் வந்துடப் போவுது" என்றான். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்கு அவனைத் தெரியுமடா என்று சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குறை சொல்லவே பிறந்தவள் என்பீர்கள். அவன் பறக்கும் அழகு இருக்கிறதே, அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். நம் புத்தகத்தில் ஒரு கட்டத்தில் மாடியில் நிற்பான், அடுத்த கட்டத்தில் மேகத்தில் இருப்பான். நடுவில் நடந்ததை நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் அந்த நடுவைக் காட்டிவிட்டார்கள். கால் தரையை விடுகிற நேரத்தில் அவன் முகத்தில் ஒரு சின்ன பயம் தெரிந்தது, நானும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். சால்வையும் பிரமாதம். தறிக்காரன் வீட்டில் பிறந்தவளைத் துணியில் ஏமாற்ற முடியாது. அது நைலான் மாதிரிப் படபடக்கவில்லை, நல்ல கனமான பட்டு எப்படி மடிந்து விழுமோ அப்படி விழுந்தது. வரைந்த ஆள் பட்டைக் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

குறைக்கு வருகிறேன். பேசியே கொல்கிறான். நம் செவ்வானன் ஓர் இதழுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இவன் பறந்துகொண்டே ஜோக் அடிக்கிறான், அடி வாங்கிக்கொண்டே தத்துவம் சொல்கிறான். அவன் ஏன் முகமூடி போட்டான் என்பதற்கு ஒரு கதை, சால்வை ஏன் சிவப்பு என்பதற்கு ஒரு கதை, செத்துப்போன அப்பா ஒருவர், அவருக்கு ஒரு பாட்டு. கடைசி அரை மணி நேரம் கட்டடங்கள் இடிந்துகொண்டே இருந்தன. அது எந்த ஊர், உள்ளே யார் இருந்தார்கள் என்று ஒரு விவரமும் கிடையாது. பக்கத்து சீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வயதில் நானும் தட்டியிருப்பேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. இருக்கிறதிலேயே நல்ல காட்சியை விட்டுவிட்டார்கள்.

செவ்வானன் எதிரியிடம் அடிபட்டு, சால்வை கிழிந்து, ஆற்றில் விழுவான். அதுவரை படத்தில் வந்தது. அதற்கப்புறம் அவன் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வீட்டின் பின்கதவைத் தட்ட வேண்டும். உள்ளே ஒருத்தி தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். நீ யார் என்று கேட்கமாட்டாள். சால்வையை வாங்கி ஒட்டுப்போட ஆரம்பிப்பாள். அது முடியும்வரை, உலகத்தையே காப்பாற்றுகிறவன், அவள் கொடுத்த பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தைத்து முடித்ததும், "கிழக்கே போய்க் கடல் எப்படி இருக்கிறதென்று பார்த்துவந்து சொல்" என்பாள். அவன் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, கடல் மூச்சு விடுகிறது என்பான். மறுநாள், "வடக்கே போ, ரயில் கடைசியாக எங்கே போய் நிற்கிறது பார்" என்பாள். அதற்கும் போவான். சண்டை இல்லை, வில்லன் இல்லை, அவள் சொல்வாள், அவன் போய் வருவான். அதைவிட நல்ல கதையை நான் இந்த வயது வரைக்கும் படிக்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும், "அந்தத் தையல்காரி எங்கேடா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்கு மானம் போய்விட்டது.

என் கோபம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், அந்தப் பக்கங்களை நான் படித்த கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிற பங்குனி மாதம் அது. செவ்வானன் வரும் மாதப் பத்திரிகையை நானும் என் வகுப்புக் கூட்டாளி ஒருவனும் சேர்ந்து வாங்குவோம். அவன் படித்துவிட்டு எனக்குத் தருவான். எனக்கு அப்புறம் என் அத்தை படிப்பாள். அப்பாவின் கடைசித் தங்கை, அப்போது இருபத்திரண்டு வயது. படித்ததை யாரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் புத்தகம் திரும்பி வரும்போது ஓரத்தில் சாயம் ஒட்டியிருக்கும்.

சாயம் எப்படி வந்தது என்றால், அத்தை சேலைக்கு டிசைன் போடுவாள். சேலையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமென்றால், முதலில் பெரிய கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டி அதை வரைய வேண்டும். அதைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைத் தறிமேல் மாட்டினால் மயில் நூலில் இறங்கும். அந்த வேலைக்கு ஊரில் பெண்கள் கிடையாது. அத்தை யாரையும் கேட்காமல் தானாகவே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். எங்கள் அப்பாவுக்குத் தறிவேலை கொடுக்கும் முதலாளி ஒருநாள் அவள் போட்ட மாங்காயைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, உன் தங்கச்சி கையா இது? முந்தானைக்கு ஒரு மயில் போட்டுக் குடுக்கச் சொல்லு. சரியா வந்துச்சுன்னா வருஷம் பூரா நம்ம வேலைதான். ஆனா ஜல்தி வேணும். வைகாசி முகூர்த்தத்துக்குச் சேலை எறங்கணும்."

அப்பாவும் அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னார். வெம்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்து காத்துக்கொண்டிருந்தது. "இந்த வேலை அமைஞ்சா அவங்கள ரெண்டு வருஷம் பொறுத்துக்கச் சொல்றேன். அமையலன்னா வைகாசியில கல்யாணம். அப்புறம் மூக்கால அழக்கூடாது." அத்தை தலையாட்டினாள். அன்று சாப்பிடக்கூட வராமல் பலகையில் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மயில்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்ததென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் எனக்கு அம்மை போட்டது.

நம் காலத்தில் அம்மை வந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை செருகினார்கள். குழம்புக்குத் தாளிப்பது நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருந்து ஒரு குண்டூசிகூட வெளியே போகக்கூடாது. தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா என் பக்கமே வர முடியாது. அத்தைக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோயிருந்தது, கன்னத்தில் இரண்டு தழும்பு உண்டு. அதனால் பின்னறையில் இருந்த பட்டு நூலையெல்லாம் எடுத்துவிட்டு, என்னையும் அவளையும் உள்ளே விட்டார்கள். அவள் பலகை, கட்டத்தாள் சுருள், வண்ணப் புட்டிகள் எல்லாம் கூடவே வந்தன. "நல்லதாப் போச்சு. உள்ளயே குந்திகினு தொந்தரவு இல்லாம மயிலை முடிச்சிடுவா" என்று அம்மா சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஜன்னலில் ஈரத் துணி தொங்கியதால் அறை எப்போதும் மங்கலாக இருந்தது. வேப்பிலையின் கசந்த வாசனை, இளநீர், உப்பில்லாத கஞ்சி, முன்கூடத்தில் அப்பாவின் தறிச் சத்தம். எனக்கு இமையின் மேலும் கொப்புளம். சொறியக்கூடாது என்று இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தாள் அத்தை. எனக்கு உடம்பு வலியைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. போன இதழில் செவ்வானன் ஆற்றில் விழுந்திருந்தான். கீழே "தொடரும்" போட்டிருந்தார்கள். அவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாமல் நான் கஞ்சி குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். அத்தை கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் மூக்கைப் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், "ஏய், எழுந்திரு. உன் கூட்டாளி ஜன்னல் வழியா புக்கைப் போட்டுட்டுப் போனான்" என்றாள்.

நான் கையை நீட்டினேன். தரமாட்டேன் என்றாள். அம்மை கண்ணில் இருக்கும்போது கிட்டத்தில் வைத்துப் படித்தால் பார்வை போய்விடுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவளே படித்தாள். படித்த பக்கத்தைத் தூரத்தில் பிடித்து ஒரு நிமிஷம் காட்டினாள். ஒரே நாளில் முழுதும் படித்தால் சூடு என்று தினம் கொஞ்சமாகத்தான் படிப்பாள். அந்த மாதம் பத்திரிகை பெரிதாக இருந்தது. அதுவரை கறுப்பு வெள்ளையில் வந்த செவ்வானன் கலரில் வந்தான். அரக்குச் சிவப்பில் சால்வை, ஜரிகை மஞ்சளில் நிலா. சால்வையின் வளைவெல்லாம் படிப்படியாக இருந்தது, அவன் மூக்குகூடப் படிக்கட்டாக இருந்தது. காய்ச்சலில் கண் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கஞ்சி குடித்தேன். தையல்காரி ஒட்டுப்போட்டு முடித்த அன்று இரண்டாவது தம்ளரும் கேட்டேன்.

"நாளைக்கு மேற்கே மலையைத் தாண்டிப் போவான்போல கீது" என்பாள் அத்தை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"கடைசி வரியில போட்டிருக்கான்."

நான் தூங்கும்போதெல்லாம் அவள் பலகைமேல் குனிந்துகொண்டிருப்பாள். விழித்துப் பார்த்தால் தூரிகையை உதட்டில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். மயில் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்றாம் முறையாக என் தலையில் ஊற்றிய பிறகுதான் கதவைத் திறந்தார்கள். நான் படுத்த பாய், உடுத்த துணி, தொட்ட காகிதம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அத்தையே தலையில் வைத்துக்கொண்டு போய்க் கமண்டல நாகநதியில் விட்டுவிட்டு வந்தாள். என் புத்தகம் போய்விட்டதென்று நான் அழுதேன். அவள் திரும்பி நின்று முகம் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி வந்தார். அத்தை கொண்டுவந்து விரித்த தாளில் மயிலுக்கு உடம்பு இருந்தது, தோகை இல்லை.

"இருபத்தஞ்சு நாளு இன்னா பண்ணிகினு இருந்த?" என்றார் முதலாளி.

"கொழந்தைய பார்த்துகினு இருந்தா முதலாளி" என்று அப்பா குறுக்கே சொல்லிப் பார்த்தார். முதலாளி தாளைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார். காஞ்சிபுரத்திலேயே ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தெருவைத் தாண்டியதும் அப்பாவின் குரல் மாறியது. "ரூமுக்குள்ள இன்னா தூங்கிகினு இருந்தியா? என் மானத்த வாங்கிட்டியே! தாளு சுருள் முழுசும் எங்க போச்சு?"

"தப்புத் தப்பா வந்துச்சு. கிழிச்சிட்டேன்."

"பொறுப்பு இருந்தா ஏன் தப்பா வருது?" என்றாள் அம்மா. வைகாசியில் கல்யாணம் நடந்தது. அத்தை வெம்பாக்கம் போனாள். பிறகு அவள் தூரிகையைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைப் பாதியில் விட்டால், "அத்தை மயிலாட்டம் விட்டுட்டியா" என்பது ஒரு பழமொழியே ஆகிவிட்டது. அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், தம்பி வளர்ந்து அவனும் சொன்னான். கூட்டாளிகளே, ஒளிக்காமல் சொல்கிறேன், என் மகன் பரீட்சைக்குப் படிக்காமல் படுத்தபோதெல்லாம் நானும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டாளியிடம் போய், ஜன்னல் வழியாகப் புத்தகம் போட்டதற்கு நன்றி சொன்னேன். அவன் முழித்தான். அந்த மாதம் புத்தகமே வரவில்லை, கடையில் ஐந்து முறை கேட்டுவிட்டேன் என்றான். எனக்கு முதலில் கிடைத்துவிட்ட பொறாமையில் புளுகுகிறான் என்று நான் அவனைக் கிள்ளினேன். ஆறாம் வகுப்பு முழுதும் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவன் இப்போது ரிட்டயர்டான வாத்தியார். பழைய இதழ்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். படம் பார்த்த மறுநாள் அவனுக்குப் போன் போட்டு, தையல்காரி வருகிற இதழை எடுத்துக்கொண்டு வா, சினிமாக்காரர்களுக்குச் சாட்சியோடு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். பெட்டியோடே வந்தான்.

"அந்த மாதிரி ஒரு பொம்பளையே இந்தக் கதையில கிடையாது" என்றான். கடைசி இதழை எடுத்து என் முன்னால் வைத்தான். செவ்வானன் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தான். கீழே "தொடரும்". "இதோட பத்திரிகை நின்னுபோச்சு. ஆத்துல விழுந்ததோட சரி. மீதிக் கதைய சினிமாக்காரங்களே போட்டுகினாங்க."

"கலர்ல வந்ததேடா!"

"இன்னா கலரு? அட்டையத் தவிர எல்லாமே கறுப்பு வெள்ளை. இதுக்குத்தான் அன்னிக்குக் கிள்ளின, இன்னிக்குமா?"

நான் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தேன். செவ்வானனுக்குக் கூரான, வழவழப்பான மூக்கு. படிக்கட்டு எங்கேயும் இல்லை. கட்டத்தாளில் வரைந்தால்தான் மூக்கு அப்படிப் படிப்படியாக வரும். அரக்கும் ஜரிகை மஞ்சளும் எந்த அச்சாபீசின் வண்ணமும் இல்லை, அத்தையின் புட்டியில் இருந்த வண்ணம். நான் கஞ்சி குடிப்பதற்காக ஒருத்தி தன் மயிலை விட்டிருக்கிறாள், தன் பிழைப்பை விட்டிருக்கிறாள். அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளைத்தான் நாங்கள் ஐம்பது வருஷமாகச் சோம்பேறிக்கு உதாரணம் காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையிலேயே செய்யாறு வழியாக வெம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது. "இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற" என்று நகர்ந்து இடம் விட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போனில் அந்தப் படத்தின் டிரெய்லரைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தாள்.

"பறக்கறது நல்லாத்தான் கீது. எங்க போறோம்னுதான் அவனுக்கே தெரியல" என்றாள்.

"அத்தை, அந்தத் தையல்காரிய வரைஞ்சது நீதான?"

உரித்த கை நின்றது. "அதையா இன்னும் ஞாபகம் வச்சிகினு இருக்கிற?" என்று கூச்சத்தோடு சிரித்தாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். என் ஒருத்தியால் உன் வேலை போனதே, உன் வாழ்க்கையே மாறிப்போனதே, நாங்களெல்லாம் உன்னை என்னென்ன பேசினோம் என்று அறுபது வயதுக்காரி சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினேன். அவள் மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதடி, பேஜார் பண்ணாத. உனக்காக வரைஞ்சது ஒரு நாலஞ்சு நாளு. அது நெசம். பத்தாம் நாளே உனக்கு எல்லாம் காய்ஞ்சிபோச்சி. தண்ணி ஊத்தலாமான்னு உங்கம்மா கதவாண்ட வந்து கேட்டுகினே இருந்தாங்க. முதுகுல இன்னும் நாலு கீது அண்ணி, அவசரப்படாதீங்கன்னு நான்தான் பொய் சொல்லிகினு இருந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"தண்ணி ஊத்திட்டா கதவைத் தொறந்துடுவாங்களே."

அவள் மறுபடியும் மல்லாட்டையை எடுத்து உடைத்தாள்.

"மயிலை முடிக்கணும்னு தெனம் காலைல நெனைப்பேன். தாளை எடுத்தா அவன் வந்து நிப்பான். வேலை போனதுக்கு நான் அழுவலன்னு நெனைக்காத. இங்க வந்து ஒரு வருஷம் அழுதேன். உங்க மாமா பாவம், கடல் பார்த்தா சரியாப் போயிடும்னு மகாபலிபுரம் கூட்டிகினு போனாரு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அவன் வந்து சொன்ன அளவுக்கு இல்ல."

பிறகு அவள் என் கையில் ஒரு பிடி பருப்பை வைத்தாள்.

"முதலாளி மயிலு கழுத்தை இந்தப் பக்கம் திருப்புன்னா திருப்பினேன். எங்கண்ணன் கழுத்தை நீட்டுன்னா நீட்டினேன். இங்க வந்தும் அப்படித்தான். என் ஆயுசுல அந்த இருபத்தஞ்சு நாளுதான்டி, நான் கிழக்கே போன்னு சொன்னா ஒருத்தன் கிழக்கே போனான்."